அழற்சி என்னும் சொல்லின் மறைவும் மீட்சியும்: எண்டோமெட்ரியோசிஸ் ஆய்வின் நூற்றாண்டு

நோய்களுக்குப் பெயரிடும் மேலை மருத்துவ மரபில் ஈறுகளுக்குத் தனிப் பொருள் உண்டு. 'ஐடிஸ்' என்னும் ஈறு அழற்சியைக் குறிக்கும். அப்பெண்டிசைடிஸ், ஆர்த்ரைடிஸ், ஹெப்படைடிஸ் ஆகியன எடுத்துக்காட்டுகள். கிரேக்கத்தில் இது 'இன்ன உறுப்பைச் சார்ந்த' என்று மட்டுமே பொருள்பட்ட ஒரு பெயரடை ஈறு; அழற்சி என்னும் பொருள் பிற்காலத்தில் அதன்மேல் ஏறியது. 'ஓசிஸ்' என்னும் ஈறோ ஒரு நிலையை அல்லது நிகழ்வைச் சுட்டி நின்றுவிடும். கருப்பையின் அகப்படலத்தை ஒத்த திசு சினைப்பையிலும், வயிற்றறையின் உள்ளுறையிலும், குடல் மீதும் வளரும் நோய்க்கு 1920களில் 'எண்டோமெட்ரியோசிஸ்' என்ற பெயர் நிலைபெற்றது. இன்று அந்நோயை நாட்பட்ட அழற்சி நோயாகவே ஆய்வுலகம் வரையறுக்கிறது. அதன் பெயரில் மட்டும் அழற்சிக்கு இடமில்லை. அந்த இடைவெளி எவ்வாறு உண்டாயிற்று, அதன் விளைவுகளை யார் சுமந்தனர் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கருப்பைக்குரிய சுரப்பிகள் அவற்றுக்கு உரியதல்லாத இடத்தில் காணப்படுவதை வியன்னாவின் நோய்க்குறியியலறிஞர் கார்ல் ஃபான் ரொக்கிட்டான்ஸ்கி 1860ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். அவர் கண்டது இன்றைய பொருளில் எண்டோமெட்ரியோசிஸ்தானா என்பதில் மருத்துவ வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அடுத்த அறுபது ஆண்டுகள் 'இத்திசு எங்கிருந்து வந்தது?' என்ற ஒரே வினாவைச் சுற்றியே கழிந்தன. கருவளர்ச்சிக் காலத்து வுல்ஃப் நாளத்தின் எச்சங்களே இவை என்றார் ஃபிரீட்ரிக் ஃபான் ரெக்லிங்ஹவுசன். கருப்பையின் அகப்படலமே தசைக்குள் ஊடுருவுகிறது என்று ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் தாமஸ் கல்லன் திசு வெட்டுகளைக் கொண்டு காட்டினார். அவருடைய விரிவான நூல் 1908இல் வெளிவந்தது.

இவர்களிடமிருந்து மாறுபட்டவர் பெர்லினின் ராபர்ட் மேயர். வயிற்றறையின் உள்ளுறையை மூடியிருக்கும் செல்கள், அழற்சியின் தூண்டுதலால் உருமாறிச் சுரப்பித் திசுவாக வளரக்கூடும் என்பது இருபதாம் நூற்றாண்டின் முதல் இரு பத்தாண்டுகளில் அவர் வளர்த்தெடுத்த கருத்து. அவரைப் பொறுத்தவரை அழற்சியே காரணம், திசு வளர்ச்சி அதன் விளைவு. ஆனால் அக்கருத்தைச் சோதிப்பதற்கான கருவிகள் அன்று இல்லை. நுண்ணோக்கியின் கீழ் வெள்ளணுக்கள் திரண்டிருப்பதைக் காணலாம். அவை தமக்குள்ளும் அண்டைச் செல்களுடனும் எவ்வகை வேதிப்பொருள்களால் தொடர்பு கொள்கின்றன என்பதைக் காண இயலாது. அழற்சி என்றாலே கிருமித்தொற்று என்று பொருள்கொள்ளும் வழக்கமும் அக்காலத்தில் வலுவாக இருந்தது.

இந்தச் சூழலில்தான் பெயர்கள் முடிவாயின. கருப்பைத் தசைக்குள்ளேயே அகப்படலத் திசு வளரும் உறவு நோய்க்கு 'அடினோமயோசைடிஸ்' போன்ற பெயர்கள் வழங்கிவந்தன. 1925இல் வியன்னாவின் ஆஸ்கர் ஃபிராங்கல் அவற்றை விலக்கி 'அடினோமயோசிஸ்' என்ற பெயரைத் தேர்ந்தார். அழற்சியால் தோன்றியது என்ற எண்ணத்தைத் தம் பெயர் எழுப்பாது என்பதையே அவர் அதற்குக் காரணமாகக் கூறினார். ஓர் ஈற்றை மாற்றுவதன் மூலம் ஒரு கோட்பாட்டையே விலக்க முடியும் என்பதை அவர் அறிந்தே செய்தார்.

அதே ஆண்டுகளில் நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரில் ஜான் சாம்ப்சன் தம் கோட்பாட்டை உருவாக்கிக்கொண்டிருந்தார். சினைப்பையில் தோன்றும் 'சாக்லேட்' கட்டிகளைப் பற்றிய அவருடைய கட்டுரை 1921இல் வெளியாயிற்று. மாதவிடாய் நாள்களை ஒட்டி அறுவை மருத்துவம் செய்து, அக்கட்டிகளிலிருந்தும் கருக்குழாயிலிருந்தும் குருதி கசிவதை அவர் நேரில் கண்டார். மாதவிடாய்க் குருதியின் ஒரு பகுதி கருக்குழாய் வழியாகப் பின்னோக்கிச் சென்று வயிற்றறைக்குள் விழுகிறது, அதிலுள்ள அகப்படலத் துணுக்குகள் விழுந்த இடத்தில் பற்றி வளர்கின்றன என்பது 1927இல் முழு வடிவம் பெற்ற அவருடைய கோட்பாடு. வித்து விழுந்து முளைப்பதைப் போன்ற எளிமை அதற்கு இருந்தது. அதே மருத்துவ உலகில் எமில் நோவாக் போன்றோர் நெடுங்காலம் மறுத்தபோதும், 1950களில் குரங்குகளின் கருப்பை வாயை வயிற்றறைக்குள் திருப்பி மாதவிடாய்க் குருதியை உள்ளே விழச்செய்த சோதனைகள் சாம்ப்சனுக்கு வலுச்சேர்த்தன. பாடநூல்கள் அவர் பக்கம் சாய்ந்தன. 'எண்டோமெட்ரியோசிஸ்' என்ற பெயர், அகப்படலம் வேறிடத்தில் இருக்கிறது என்ற ஒன்றையே சொல்லியது. தமிழில் வழங்கும் 'இடமகல் கருப்பை அகப்படலம்' என்ற சொல்லாக்கமும் அதே இடப்பொருளைத்தான் பெயர்த்துத் தருகிறது.

பெயர் இடத்தைச் சுட்டியதால் மருத்துவமும் இடத்தையே தேடியது. நோய் இருக்கிறது என்று மெய்ப்பிக்க வயிற்றைத் திறந்தோ, பிற்காலத்தில் லேப்ராஸ்கோப்பிக் கருவியைச் செலுத்தியோ கண்ணால் காண வேண்டும் என்பது விதியாயிற்று. 1985இல் திருத்தி வெளியிடப்பட்ட அமெரிக்கக் கருவளச் சங்கத்தின் படிநிலை முறை, திசு எங்கே உள்ளது, எவ்வளவு பெரிது, உறுப்புகள் எவ்வளவு ஒட்டிக்கொண்டுள்ளன என்பவற்றுக்கு மதிப்பெண் தந்தது. அம்மதிப்பெண்ணுக்கும் நோயாளி படும் வலிக்கும் நெருங்கிய தொடர்பில்லை என்பது விரைவிலேயே தெரிந்தது. சிறு புள்ளிகள் மட்டுமே உள்ள பெண் எழுந்து நடக்க இயலாமல் துடிப்பதும், பெரிய கட்டியுள்ள பெண் வலியின்றி இருப்பதும் உண்டு. இடத்தை மட்டும் அளக்கும் அளவுகோலால் இதை விளக்க முடியவில்லை.

அழற்சி என்ற சொல் இக்காலத்தில் முற்றிலும் மறைந்துவிடவில்லை. வேறொருத்தியின் மேல் சுமத்தப்பட்டது. 1940களில் பாஸ்டனின் ஜோ வின்சென்ட் மெய்க்ஸ், வசதியுள்ள குடும்பப் பெண்கள் காலந்தாழ்த்தி மணந்து காலந்தாழ்த்திப் பிள்ளை பெறுவதே எண்டோமெட்ரியோசிஸ் பெருகக் காரணம் என்று வாதிட்டார். இது படித்த, வெள்ளையின, வேலைக்குச் செல்லும் பெண்ணின் நோய் என்ற படிமம் அதிலிருந்து பரவியது. அதே வலியோடு வந்த கறுப்பினப் பெண்ணுக்கு 'இடுப்புக்குழி அழற்சி நோய்' என்று எழுதப்பட்டது. அங்கே அழற்சி என்பதற்குப் பாலுறவு வழித் தொற்று என்பதே பொருள். 1976இல் சிகாகோவின் மருத்துவர் டொனால்ட் சாட்மன் வெளியிட்ட ஆய்வு இதை வெளிப்படுத்தியது. இடுப்புக்குழி அழற்சி என்று முடிவுகட்டப்பட்டிருந்த அவருடைய கறுப்பின நோயாளிகளில் ஐந்தில் ஒருவருக்கும் மேற்பட்டோருக்கு உண்மையில் இருந்தது எண்டோமெட்ரியோசிஸ். ஒரே வலிக்கு இரண்டு பெயர்கள் இருந்தன. எந்தப் பெயர் யாருக்கு என்பதை நோயாளியின் நிறமும் வகுப்பும் முடிவு செய்தன. ஒரு பெயர் அறுவை அரங்குக்கும் அனுதாபத்துக்கும் வழிவிட்டது. மற்றொன்று நுண்ணுயிர்க்கொல்லிக்கும் ஒழுக்கத்தைப் பற்றிய ஐயத்துக்கும் இட்டுச்சென்றது.

சாம்ப்சனின் கோட்பாட்டுக்குள் இருந்த இடைவெளி 1984இல் எண்ணாகவே வெளிப்பட்டது. வட கரோலினாவில் ஹால்மேயும் உடனாய்வாளர்களும் மாதவிடாய்க் காலத்தில் லேப்ராஸ்கோப்பி செய்து பார்த்தபோது, கருக்குழாய் அடைபடாத பெண்களில் 90 விழுக்காட்டினரின் வயிற்றறைத் திரவத்தில் குருதி இருந்தது. பின்னோக்கிய மாதவிடாய் ஏறத்தாழ எல்லாப் பெண்களுக்கும் நிகழ்வது. நோயோ, உலக நலவாழ்வு நிறுவனத்தின் இன்றைய மதிப்பீட்டின்படி, இனப்பெருக்க வயதிலுள்ளோரில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு, அதாவது சுமார் 19 கோடிப் பேருக்கு உண்டு. வித்து எல்லா நிலத்திலும் விழுகிறது. ஒரு சில நிலங்களில்தான் முளைக்கிறது. எனவே வினா வித்திலிருந்து நிலத்துக்கு மாற வேண்டியதாயிற்று.

நிலத்தை ஆராயும் கருவிகளும் அதற்குள் வந்திருந்தன. செல்கள் சுரந்து பிற செல்களை இயக்கும் புரதங்களுக்கு 1974இல் ஸ்டான்லி கோஹன் 'சைட்டோகைன்' என்று பெயரிட்டிருந்தார். 1979இல் சுவிட்சர்லாந்தின் எர்மட்டிங்கனில் நடந்த கருத்தரங்கில் 'இன்டர்லூகின்', அதாவது வெள்ளணுக்களுக்கு இடையே செல்வது, என்ற பெயர் ஏற்கப்பட்டது. லேப்ராஸ்கோப்பி பரவியதால் வயிற்றறைத் திரவத்தை எளிதாக எடுத்து ஆராய முடிந்தது. 1980களின் தொடக்கத்தில் டியூக் பல்கலைக்கழகத்தின் ஹேனி குழுவினரும் ஹால்மே குழுவினரும் அத்திரவத்தில் பெருவிழுங்கி செல்கள் மிகுந்தும் கிளர்ச்சியுற்றும் இருப்பதைக் கண்டனர். 1991இல் பெல்ஜியத்தின் லூவன் ஆய்வாளர்கள், இடம் மாறிய திசுவை அழிக்க வேண்டிய இயற்கைக் கொல்லி செல்களின் திறன் நோயுற்ற பெண்களிடம் குறைந்திருப்பதைக் காட்டினர். துப்புரவு செய்ய வந்த செல்கள் அதைச் செய்யாமல், வந்த துணுக்குகளைப் பேணி வளர்ப்பதாகத் தோன்றியது.

அவை எவ்வாறு பேணின என்பதற்கான விடை அடுத்த பத்தாண்டில் துண்டு துண்டாகக் கிடைத்தது. இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8, டி.என்.எஃப்-ஆல்ஃபா ஆகியவை நோயாளிகளின் வயிற்றறைத் திரவத்தில் மிகுந்திருப்பதாகப் பல ஆய்வுகள் தெரிவித்தன. புதிய குருதிநாளங்களை முளைக்கச் செய்யும் வி.இ.ஜி.எஃப் என்னும் காரணியை அங்குள்ள பெருவிழுங்கிகளே சுரக்கின்றன என்று 1996இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினர். அதே ஆண்டு டல்லாஸில் செர்தார் புலுன் குழுவினர், ஈஸ்ட்ரோஜனை ஆக்கும் அரோமட்டேஸ் நொதி இடம் மாறிய திசுவிலேயே இருப்பதைக் கண்டனர். அழற்சிப் பொருளான புரோஸ்டாகிளாண்டின் ஈ2 அந்நொதியைத் தூண்டுகிறது என்பது 1997இல் தெரிந்தது. ஈஸ்ட்ரோஜன் பெருகினால் புரோஸ்டாகிளாண்டினை ஆக்கும் காக்ஸ்-2 நொதி பெருகும். புரோஸ்டாகிளாண்டின் பெருகினால் மீண்டும் ஈஸ்ட்ரோஜன் பெருகும். ஹார்மோன் நோய், அழற்சி நோய் என்று தனித்தனியே எண்ணப்பட்டவை ஒரே சுழலின் இரு பாதிகள் என்பது இக்கண்டுபிடிப்பின் பொருள். ஹார்மோன் மருந்தை நிறுத்தியதும் பலருக்கு வலி திரும்புவதை இச்சுழலைக் கொண்டு ஓரளவு விளங்கிக்கொள்ளலாம்.

இச்சமிக்ஞைகள் பலவும் செல்லுக்குள் ஒரே வாயிலில் சந்திக்கின்றன. 1986இல் ரஞ்சன் சென்னும் டேவிட் பால்டிமோரும் பி-செல்களில் கண்டறிந்த என்.எஃப்-கப்பா பி என்னும் புரதமே அது. அமைதிக் காலத்தில் ஐ-கப்பா பி என்ற தடைப்புரதம் அதைச் செல்லின் உட்கருவுக்கு வெளியே பிடித்து வைத்திருக்கும். சைட்டோகைன் ஒன்று செல்லின் மேலுள்ள ஏற்பியைத் தொட்டால், உள்ளே ஒரு நொதித்தொகுதி எழுந்து தடைப்புரதத்தின் மீது பாஸ்பேட்டை ஏற்றும், தடைப்புரதம் சிதையும், விடுபட்ட என்.எஃப்-கப்பா பி உட்கருவினுள் சென்று அழற்சிக்குரிய மரபணுக்களை இயக்கும். அம்மரபணுக்கள் ஆக்கும் பொருள்களில் இன்டர்லூகின்-1, டி.என்.எஃப்-ஆல்ஃபா ஆகியவையும் உள்ளமையால், வெளியே வந்த செய்தி மீண்டும் அதே வாயிலைத் தட்டுகிறது. பின்னோக்கிய குருதியின் சிதைவில் எஞ்சும் இரும்பும் ஆக்சிஜன் உறுத்தத்தை உண்டாக்கி இதே பாதையைத் தூண்டும். எண்டோமெட்ரியோசிஸ் திசுவில் இப்பாதை ஓயாமல் இயங்கிக்கொண்டிருப்பதை 2007இல் பெல்ஜியத்தில் கோன்சாலஸ்-ராமோஸ் குழுவினர் நோயாளிகளின் திசுவிலேயே காட்டினர்.

வலியின் வரலாறும் இதனோடு இணைந்தது. ஈஸ்ட்ரோஜனின் தூண்டுதலால் பெருவிழுங்கிகளும் நரம்பிழைகளும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன என்று 2015இல் எடின்பரோ ஆய்வாளர்கள் தெரிவித்தனர். பெருவிழுங்கிகள் சுரக்கும் ஐ.ஜி.எஃப்-1 நரம்புகளை வளர்த்து அவற்றின் உணர்திறனையும் கூட்டுகிறது என்பது 2019இல் எலிகளில் காட்டப்பட்டது. கட்டியின் பருமனுக்கும் வலிக்கும் பொருத்தமில்லாதது ஏன் என்ற பழைய புதிருக்கு இது ஒரு விடை: துன்பத்தை முடிவு செய்வது திசுவின் அளவைக் காட்டிலும் அங்கே செல்களும் நரம்புகளும் நடத்தும் உரையாடல்.

இவ்வளவு தெளிவு கிடைத்தபின் மருந்தும் எளிதில் கிடைத்திருக்க வேண்டும். வரலாறு அவ்வாறு செல்லவில்லை. டி.என்.எஃப்-ஆல்ஃபாவைத் தடுக்கும் மருந்துகள் முடக்குவாதத்தில் பெரும் மாற்றத்தை ஏற்படுத்தியிருந்தன. பபூன் குரங்குகளில் எண்டோமெட்ரியோசிஸையும் குறைத்தன. ஆனால் ஆழ ஊடுருவிய எண்டோமெட்ரியோசிஸ் உடைய 21 பெண்களிடம் இன்ஃப்ளிக்சிமாபை வெற்று மருந்தோடு ஒப்பிட்டுச் சோதித்த பிலிப் கோனின்க்ஸ் குழுவினர், வலியில் எவ்வேறுபாடும் இல்லை என்று 2008இல் அறிவித்தனர். சிறிய ஆய்வுதான், ஆயினும் அதன் எச்சரிக்கை பெரிது. ஒரு திரவத்தில் ஒரு புரதம் மிகுந்திருப்பது, அப்புரதமே நோயை ஆக்கியது என்பதற்குச் சான்றாகாது. பல வழிகள் ஒரே வாயிலில் சேரும் பின்னலில் ஒரு வழியை அடைத்தால் மற்றவை திறந்தே இருக்கும். நாட்பட்டு நாராகித் தழும்பேறிய திசுவில் அழற்சியின் தொடக்கச் செய்திகளைத் தடுப்பது காலங்கடந்த செயலாகவும் இருக்கலாம். குருதியிலுள்ள அழற்சிக் குறிகளைக் கொண்டு நோயைக் கண்டறியும் முயற்சிகளிலும், 2016இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வின்படி, வழக்கமான மருத்துவப் பயன்பாட்டுக்குத் தகுதியான சோதனை எதுவும் அமையவில்லை.

ஆகவே அழற்சி முதலா, திசு முதலா என்ற மேயர்–சாம்ப்சன் வழக்கு இன்னும் முடியவில்லை. புதிய சாட்சிகள் வந்துகொண்டிருக்கின்றன. 2023இல் 60,674 நோயாளிகளின் மரபணுத் தரவுகளைத் தொகுத்த பன்னாட்டு ஆய்வு, நோயோடு தொடர்புடைய 42 மரபணு இடங்களை இனங்கண்டது. ஒற்றைத் தலைவலி, முதுகுவலி போன்ற பிற வலி நோய்களோடு அவற்றுக்குள்ள பொதுமையையும் சுட்டியது. அதே ஆண்டு ஜப்பானின் நகோயாவில், எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களில் 64 விழுக்காட்டினரின் கருப்பை அகப்படலத்தில் ஃபியூசோபாக்டீரியம் என்ற நுண்ணுயிரி இருந்தது. நோயில்லாதவரில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவானோரிடமே அது காணப்பட்டது. அந்நுண்ணுயிரி பெருவிழுங்கிகளை டி.ஜி.எஃப்-பீட்டாவைச் சுரக்கச் செய்து நோயை வளர்க்கிறது என்பது அவர்களுடைய விளக்கம். பிற மக்கள்தொகைகளிலும் இது உறுதிப்பட வேண்டும். உறுதிப்பட்டால், ஃபிராங்கல் தம் ஈற்றால் வெளியே நிறுத்திய விருந்தாளி நூறாண்டு கழித்து முன்வாசல் வழியாகவே திரும்பியிருப்பார்.

நடைமுறையும் மெல்ல நகர்கிறது. ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், லேப்ராஸ்கோப்பியால் கண்டறிவதே இறுதி அளவுகோல் என்ற நிலையைக் கைவிட்டது. அறிகுறிகளைக் கொண்டே மருத்துவத்தைத் தொடங்கலாம். படச் சோதனையில் எதுவும் தெரியாதபோதோ மருந்து பயன்தராதபோதோ லேப்ராஸ்கோப்பியை நாடலாம் என்றது. கண்ணால் கண்டால்தான் நம்புவது என்ற விதி தளர்வது, பெண் சொல்வதைச் சான்றாக ஏற்பதற்கான முதற்படியாகும்.

இந்தியச் சூழலில் இவ்வரலாற்றின் பாடம் கூடுதல் கூர்மை உடையது. இங்கே இடுப்புக்குழிக் காசநோயும் குழந்தையின்மைக்கும் உறுப்பொட்டுதலுக்கும் ஒரு காரணமாக இருப்பதால், நாட்பட்ட வலியோடு வரும் பெண்ணுக்கு 'தொற்று', 'அழற்சி', 'மாதவிடாய் வலி' என்னும் மூன்று சொற்களில் ஒன்று எளிதாகக் கிடைத்துவிடும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மும்பை இனப்பெருக்க, குழந்தை நல ஆய்வு நிறுவனம் பல மையங்களை இணைத்து எண்டோமெட்ரியோசிஸ் பற்றிய மருத்துவ, மரபணுத் தரவுகளைத் திரட்டும் பணியை மேற்கொண்டிருப்பது இவ்வகையில் இன்றியமையாதது. ஏனெனில் இதுவரையிலான மரபணுத் தொகுப்புகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வழிவந்தோருடையது.

தமிழில் 'அழற்சி' என்ற சொல் 'அழல்' என்னும் தீயின் அடியாகப் பிறந்தது. லத்தீன் சொல்லுக்கும் தீமூட்டுதல் என்பதே வேர்ப்பொருள். சிவத்தல், வீங்குதல், வெம்மை, வலி என்ற நான்கு அடையாளங்களை முதலாம் நூற்றாண்டில் கெல்சஸ் எழுதிவைத்தார். எண்டோமெட்ரியோசிஸில் முதல் மூன்றும் உடலுக்குள் மறைந்திருப்பவை. வெளியே தெரிவது வலி ஒன்றே, அதுவும் சொல்லின் வடிவில் மட்டுமே. நோய்க்கு 'ஓசிஸ்' என்று ஈறிட்ட நாளில் பலர் விரும்பியது தொற்றின் களங்கத்திலிருந்து அதை விடுவிக்கவே என்று கொள்ள இடமுண்டு. ஆனால் அந்த விடுவிப்பு எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கவில்லை என்பதைச் சாட்மனின் நோயாளிகள் காட்டுகின்றனர். அதற்குக் கொடுத்த விலை என்ன என்பதை, நான்கு அடையாளங்களில் வலியை மட்டும் கணக்கில் கொள்ளாமல் வகுக்கப்பட்ட படிநிலைகள் காட்டுகின்றன. செல்களுக்கிடையே செல்லும் செய்திகளைப் படிக்கும் திறன் நாற்பது ஆண்டுகளில் வியக்கத்தக்க அளவு வளர்ந்துள்ளது. நோயாளியின் வாயிலிருந்து வரும் செய்தியைப் படிக்கும் திறனும் அதே வேகத்தில் வளர வேண்டும்.